ஹிந்தி தெரியாத நாற்பது பேர்

மத்திகிரி கால்நடைப் பண்ணைக்குப் பின்னால் கங்கப்பன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில் நாற்பது பேர் புதிதாக வந்து இறங்கியிருக்கிறார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட ஹிந்தி தெரியாது. ஆகவே அவர்கள் இந்தியர்களே இல்லை, எல்லை தாண்டி வந்தவர்கள். வதந்தி இதுதான். இதைச் சொன்னவர்களுக்கும் ஹிந்தி தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள மாட்டோம் என்று ஊர்வலம் போனவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாரும். ஆனாலும் வடக்கேயிருந்து வந்தவன் ஹிந்தி பேசவில்லை என்றால் அவன் நம் நாட்டான் இல்லை என்பதில் மத்திகிரியில் இரண்டு கருத்து கிடையாது.

வதந்தியைச் சாராளிடம் கொண்டுவந்தவள் டெல்சி. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"மளிகைக் கடைக்காரரு ஹிந்தில கேட்டாராம்க்கா. முழிக்கிறாங்களாம். ஒரு வார்த்த வரலியாம்."

"அவரு ஹிந்தி எப்பக் கத்துக்கிட்டாரு?"

"போன வருசந்தான். போன்ல பாத்து."

"அப்ப முழிக்காம என்ன பண்ணுவாங்க?" என்றாள் சாராள்.

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கு அது சிரிப்பில்லை. சிப்காட்டில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருடம் தரை துடைத்தவள். கான்ட்ராக்டர் பூபதி அவளையும், டெல்சியோடு சேர்த்து இன்னும் பதினொரு பெண்களையும் கூப்பிட்டு, வேலை குறைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. தரை ஒரு சதுர அடிகூடக் குறையவில்லை. துடைக்கிற கைதான் மாறியது, கூலியும் குறைந்தது. அந்தப் பதினொரு பேரையும் வேலைக்குச் சேர்த்துவிட்டவள் சாராள். இப்போது ஜெபக்கூட்டத்திலும் ரேஷன் வரிசையிலும் அவர்கள் அவளைப் பார்க்கிற பார்வைக்குத் தனியாக அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. வேலை திரும்ப வேண்டும், அதுவும் பன்னிரண்டு பேருக்கும் வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மத்திகிரியில் எந்தப் போராட்டம் என்றாலும் ஆள் திரட்டச் சாராளைத்தான் தேடுவார்கள். குடிதண்ணீருக்கு மறியல், பள்ளிக்கூடத்துப் பக்கத்துச் சாராயக்கடைக்குப் பூட்டு, ஷிப்ட் விடும் நேரத்துக்கு டவுன் பஸ் எல்லாம் அவள் கூப்பிட்டு நடந்தவை. அவளுடைய தொழில்நுட்பம் எளிமையானது. நாட்டுக்காக, மொழிக்காக, எதிர்காலத்துக்காக என்று யாரையும் கூப்பிட மாட்டாள். நாட்டுக்காக ஒருத்தியும் சேலை மாற்றிக்கொண்டு கிளம்ப மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். "உன் வூட்டுக் குழாயில தண்ணி வருதா?" என்று மட்டும் கேட்பாள். அதிகாரி முன்னால் நிறுத்துவதற்கு முன் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொடுத்து, மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்வாள். இன்னொரு வழக்கமும் உண்டு. தான் போய்க் கண்ணால் பார்க்காத விஷயத்துக்கு யாரையும் அழைத்ததில்லை. "சாராளக்கா பாத்துட்டு வந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெண்கள் அடுப்பை அணைப்பார்கள்.

இந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் தினேஷ்குமார் வந்தான். மனை வாங்கி விற்கிறவன். மிச்ச நேரத்தில் எல்லை விழிப்பு மன்றத்தின் அமைப்பாளர். அவனுடைய வாட்ஸ்அப் குழுவில் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் நெருப்புப் படம் போட்டார்கள். ஆர்ப்பாட்டம் என்று தேதி சொன்னால் மட்டும் அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம் வந்துவிடும்.

"அக்கா, நமக்கு அம்பது லேடீஸ் வேணும். சப்-கலெக்டர் ஆபீஸ் முன்னாடி. காகிதம் இல்லாம வந்தவங்களக் கண்டுபிடின்னு மனு. நீங்க கூப்ட்டா வருவாங்க."

"மனு சரிதான் தம்பி. நான் மொதல்ல பாத்துட்டு வரேன்."

"அதான் வீடியோவே வந்திருச்சேக்கா."

"வீடியோல நான் இல்லியே."

முழங்கால் வலியோடு மறுநாள் சாயங்காலம் டெல்சியை அழைத்துக்கொண்டு போனாள். லைன் வீட்டு வாசலில் முதலில் செருப்புகளைப் பார்த்தாள். கூட்டத்தைத் தலையால் எண்ணினால் தப்பிவிடும், செருப்பு தப்பாது. பதினாறு ஜோடி. மிச்சம் இருபத்து நான்கு பேரைப் போன் பெற்றெடுத்திருந்தது.

கங்கப்பன் லுங்கியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பால்காரரிடம் கன்னடம் என்று மூன்று பாஷையில் பயப்படத் தெரிந்தவர்.

"ஏன் சாராளு, என்னா சோதனையா? வாடகை ஒண்ணாந்தேதி டான்னு குடுக்குறாங்கம்மா. நம்மாளு குடுப்பானா? என் தம்பியே குடுக்கல."

"ஊரு கேக்கத்தான் வந்தேன் கங்கப்பண்ணா. வாடகையக் கேக்கல."

உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து நின்றார்கள். கேட்பவளுக்கும் நிற்பவர்களுக்கும் பொதுவாக இருந்தது கம்பெனி பாஷை ஒன்றுதான்: ஷிப்ட், ஓவர்டைம், கேன்டீன், சூப்பர்வைசர். அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே விசாரிக்க வேண்டியிருந்தது.

"நேட்டிவ்? நேட்டிவ் எங்க?"

"மால்டா," என்றான் ஒருவன். "வெஸ்ட் பெங்கால்."

"மால்டால எங்க?"

இந்தக் கேள்விதான் பிடித்துக்கொண்டது. ஒருவன் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னான். இன்னொருவன் அவனைத் தள்ளிவிட்டுத் தன் கிராமம்தான் பெரியது என்பதுபோல் கையை விரித்தான். மூன்றாமவன் ஆறு வந்து தங்கள் தெருவை இழுத்துக்கொண்டு போனதைத் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினான். நாலாமவன் செல்போனில் மாந்தோப்புப் படத்தைக் காட்டி, பிறகு தெருப்பக்கம் கையைக் காட்டி, முகத்தைச் சுளித்து, "இதர் புளிப்பு" என்றான். அவனுக்குத் தெரிந்த ஹிந்தி அதில் பாதி.

"டேய், கிருஷ்ணகிரி ஜில்லா மாம்பழத்தையா சொல்ற?" என்று கங்கப்பன் எகிறினார். அதுவரை அவர்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தவர்.

சாராளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, சலிப்பாகவும் இருந்தது. சொந்த ஊருக்காக இப்படி அடித்துக்கொள்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. இவர்கள் எல்லாரும் இந்த நாட்டு ஆட்கள்தான். ஹிந்தி அவர்களுக்கும் பக்கத்து வீட்டு பாஷை. திரும்பலாம் என்று நினைத்தபோதுதான் கதவோரம் நின்ற பெண் கண்ணில் பட்டாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். தரை துடைப்பவர்களுக்குக் கம்பெனியில் கொடுக்கும் நீலக் கோட்டு போட்டிருந்தாள். வலது பை கிழிந்து, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. அந்தத் தையல் சாராளுடையது. பூபதி கோட்டுகளைத் துவைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். துவைத்தாரா என்பதும் சந்தேகம்.

"உன் பேரென்னம்மா?"

"ரீனா."

"ஊரு?"

"மால்டா. வெஸ்ட் பெங்கால்."

"மால்டால எங்க?"

"மால்டா. வெஸ்ட் பெங்கால்."

"அப்பா, அம்மா எங்க இருக்காங்க?"

"மால்டா. வெஸ்ட் பெங்கால்."

ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். மாந்தோப்புக்காரன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்த பதில் எப்படி இருக்கும் என்பதைச் சாராளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது டெல்சி கேட்டாள்: "அப்ப அவ அந்த நாட்டுக்காரியாக்கா?"

"தெரியல. சொல்லிக்குடுத்தத சொல்றா. அது மட்டுந்தான் தெரியுது."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"நமக்கு வேல இல்லன்னு யாரு சொன்னாரோ, அவரு."

தினேஷ்குமாரிடம் உள்ளதைச் சொன்னாள். நாற்பது இல்லை, பதினாறு. பதினைந்து பேர் நம்மவர்கள். ஒருத்தி மேல் சந்தேகம்.

அவன் முகம் வாடிவிட்டது. பதினைந்து பேர் இந்தியர்களாக இருந்தது அவனுக்குப் பெரிய துரோகமாகப் பட்டிருக்க வேண்டும்.

"அக்கா, ஒண்ணுன்னு சொன்னா யாருக்கா வருவா? நாப்பதுன்னே இருக்கட்டும். நல்ல காரியத்துக்குத்தான?"

"நாப்பதுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி, அங்க ஒண்ணுன்னு ஆச்சுன்னா, அடுத்த தடவ தண்ணிக்குக் கூப்ட்டா வருவாங்களா? உனக்கு அடுத்த ஊரு இருக்குது தம்பி. எனக்கு இந்தத் தெருதான்."

"அப்ப வேற என்னதான் பண்ணலாங்கறீங்க?"

"அந்தப் பொண்ணு காகிதம் இல்லாம வந்தாளோ என்னவோ. அவளக் கூட்டிட்டு வந்தவரு காகிதத்தோட, லைசென்ஸோட, கார்ல போறாரு. அவரு பேரச் சொல்லி மனு குடுப்போம். யாரக் கூட்டிட்டு வந்தே, எங்க புடிச்சே, என்ன சம்பளம் குடுக்குறேன்னு ஆபீசருங்க அவரக் கேக்கட்டும். அப்படின்னா நான் கூப்பிடறேன்."

அவன் தலையாட்டினான். மனை விற்கிறவர்களின் தலையாட்டலுக்குப் பத்திரப் பதிவு கிடையாது.

சாராள் வீடு வீடாக இறங்கினாள். எல்லாருக்கும் கோபம் இருந்தது. வருவதற்கு மட்டும் யாருக்கும் வழி இல்லை. காளியம்மாள் அந்தப் பதினாறு பேருக்கும் சப்பாத்தி போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறாள். "கண்டிப்பாத் தொரத்தணும்க்கா, இந்த மாசக் கணக்கு முடியட்டும்." மளிகைக்கடைக்காரர் கடுகு எண்ணெய் இரண்டு டின் வாங்கி வைத்துவிட்டார், அதை வேறு யார் வாங்குவார்கள்? டெல்சியின் புருசன் ஓட்டுவதே பூபதியின் வேன். கங்கப்பன் புதிதாக வந்தவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குடியிருக்கும் மற்றவர்களின் வாடகையை ஏற்றலாமா என்று யோசிப்பதாக மட்டும் சொன்னார். அந்நியர் ஊடுருவலை எதிர்க்காத வீடு ஒன்றும் இல்லை. அவர்களால் கொஞ்சம் வருமானம் வராத வீடும் இல்லை.

"உன் வேல போச்சா, இல்லியா?" இதை மட்டும் கேட்டாள். வேலை போன பதினொரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். டெல்சி புருசனிடம் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சப்-கலெக்டர் அலுவலகத்தின் முன் தினேஷ்குமாரின் ஆட்கள் ஏழெட்டுப் பேர் மைக்கோடு இருந்தார்கள். பேனரில் "நாற்பது" என்றே இருந்தது. அவர்கள் "எல்லையைக் காப்போம்" என்றார்கள். பெண்கள் "பூபதியை விசாரி" என்றார்கள். இரண்டும் கலந்து கேட்டவர்கள், பூபதிதான் எல்லையைக் காக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்திருக்கக்கூடும். அதிகாரி மனுவை வாங்கினார். ஆட்களைக் கொண்டுவந்த கான்ட்ராக்டரை விசாரிக்க வேண்டும் என்று சாராள் சொன்னதை எழுதிக்கொள்ளவும் செய்தார். "ஸ்பாட்டுக்கு ஆள் அனுப்புறோம்மா," என்றார்.

அனுப்பவும் அனுப்பினார்கள். ஆனால் மனுவைவிடப் பூபதியின் வேன் வேகமானது. ஆட்கள் வந்தபோது கங்கப்பனின் லைன் வீடு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு குடோனில் விட்டிருக்கிறார்கள் என்றார் கங்கப்பன். இல்லை, பெங்களூருக்கே போய்விட்டார்கள் என்றார் மளிகைக்கடைக்காரர். அந்தப் பெண்ணுக்குக் காகிதம் இருந்ததா இல்லையா என்று கேட்க ஆளில்லை. காகிதம் இருந்த பதினைந்து பேரும் அவளோடு சேர்ந்து காணாமல் போயிருந்தார்கள். பூபதி பெயரில் விசாரணை நடப்பதாகச் சொன்னார்கள். எங்கே நடக்கிறது என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது பூபதியே போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"என்னா சாராளக்கா, என் பேர மைக்ல போட்டுட்டீங்க. சரி, போவட்டும். தர அப்படியே கெடக்குது. நாளைக்கு வந்துருங்க. பன்னண்டு பேரும்."

சாராள் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சம்பளம் மட்டும் அவங்களுக்குக் குடுத்ததுதான். அதுக்கு மேல கம்பெனி தரமாட்டேங்குது."

"ஒன்பது வருசம் பண்ணுன வேலைக்கா?"

"அவங்க வந்து ரேட்டக் காட்டிட்டுப் போயிட்டாங்களேக்கா. நான் என்ன பண்றது? வேணாம்னா சொல்லுங்க, வேற ஆளுங்க வர்றாங்க. ஒடிசா. அவங்களுக்கு ஹிந்தி நல்லா வரும்."

பதினொரு வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். இந்தத் தடவை ஆள் கூப்பிடுவது சுலபமாக இருந்தது. யாரும் திட்டவில்லை, யாரும் கைதட்டவில்லை. "எத்தன மணிக்குப் பஸ்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கேள்வியைவிட ஒரு வசவு தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் வெங்கடப்பன் டீக்கடை திறந்திருந்தது. ஆர்ப்பாட்டத்தன்று எல்லாருக்கும் டீ வரவழைத்தது அந்தக் கடையிலிருந்துதான். "மன்றக் கணக்குக்கா, நீங்க சொல்லிருங்க," என்று தினேஷ்குமார் சொல்ல, சாராள் போனில் சொன்னாள். பெண்கள் குடித்தார்கள், மைக் பிடித்தவர்கள் குடித்தார்கள், காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்கள் குடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கங்கப்பன் இரண்டு முறை குடித்தார்.

"தினேஷ் வந்து குடுத்தாப்புலயாண்ணா?" என்றாள் சாராள்.

"எந்த தினேஷு?"

"அதான், மன்றம்."

வெங்கடப்பன் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "மன்றம்னா எனக்கு யாருன்னு தெரியாதும்மா. நீ சொன்ன, நான் குடுத்தனுப்புனேன். இருவத்திமூணு டீ."

"சம்பளம் வரட்டும்ணா."

"பழைய சம்பளமா, புதுசா?"

பஸ் வந்து ஹாரன் அடித்தது. பதினொரு பேரும் ஏறிவிட்டார்கள். சாராள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தாள். வெங்கடப்பன் அடுத்த டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.