நான் முதலில் போனால் அவர் எங்கே இருப்பார்?

நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, என் மனுசனையும் இழுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போனதுதான். இருவரும் ஒன்றாக மரண சாசனம் எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி. சாட்சிக்கென்று மருமகனையும் கூட்டிப்போனோம். வீடு பெறப்போகிற மகளின் புருசன் சாட்சிக் கையெழுத்து வைக்கக் கூடாது என்று நொத்தாரிசு அவரை வெளி வாங்கில் இருத்திவிட்டார். எங்களுக்கு எங்கே இந்தச் சட்டமெல்லாம் தெரியும்!

அவருடையது சுருக்கமாக முடிந்தது. கிளிவெட்டி வயல் எனக்கு, எனக்குப் பிறகு மகளுக்கு. என் முறை வந்தபோது நான் வாய் திறக்குமுன் அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். ஓர்ஸ் ஹில் வீடு எனக்குச் சீதனமாக வந்தது, அதனால் நேரே மகளுக்கு எழுதச் சொன்னார். எங்கள் பக்கத்தில் வழக்கமும் அதுதான். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அம்மா முதலில் போனால் ஐயா எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்.

கிளிவெட்டியில் தன் தமையனின் வளவில் தனக்கென்று ஒரு அறை கட்டுகிறாராம். எனக்குத் தெரியாமல்!

"அது உம்மட வீடு. நீர் இல்லாட்டி நான் ஆர் அங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்படக் கூடாது என்று டொக்டர் சொன்னதாவது மண்ணாவது. ஓடு மாற்றியதும் கிணறு இறைத்ததும் இந்த மனுசன். ஆனால் ஒரு ஆணி அடிப்பதற்கும் என்னைக் கேட்பார். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இவ்வளவு காலமும் என்னோட இருந்தது என்ன, வாடகைக்கோ?"

 அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வீடு மகளுக்குத்தான், ஆனால் இவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் இவரை வீட்டைவிட்டு எழுப்ப முடியாதபடி எழுதுங்கள் என்றேன். அதற்குச் சீவிய உரித்து என்று பெயராம். மகள் மனம் நோவாள் என்று அவர் முனகினார். நோகட்டும் என்றேன். பக்கத்துக் கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்து சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். நானும் வைத்தேன்.

வெளியே வந்ததும் மருமகன் எழும்பி, அறைக்குக் கூரை போட மேசன் நாளைக்கு வருகிறார் என்று மாமனாரிடம் சொன்னார்.  இது மகளுக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

"அவதானே மாமி மேசனைப் பிடிச்சவ."