வெள்ளைக் குதிரையில் வருபவர்

என் மனைவியின் தகரப் பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறத்தில் ஒரு சோடா பாட்டில் லேபிள் ஒட்டியிருக்கும். ரோஸ் நிறக் காகிதம். இப்போது அது ரோஸ் என்று நானாகச் சொன்னால்தான் உண்டு. சுற்றிலும் பூ வரிசை, மேலே எதிரெதிராக இரண்டு கிளிகள், நடுவில் பச்சை மையில் மணமக்கள் பெயர்கள். மாப்பிள்ளை பெயர் அழகர்சாமி. அது நான்தான். ஆனால் அது எங்கள் கல்யாணத்துக்கு அடித்த லேபிள் இல்லை. எங்கள் கல்யாணத்தில் லேபிள் ஒட்ட சோடாவே கிடையாது. பானகத்தோடு பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

சீனாவோடு சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, மேல மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நான் சொந்தமாக அச்சகம் போட்டிருந்தேன். காலால் மிதிக்கிற மிஷின் ஒன்று. எழுத்துக் கோப்பவனும் நான், மிதிப்பவனும் நான், முதலாளியும் நான். வாசலில் என் பெயரை மட்டும் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கல்யாணங்களில் சோடா, கலர் பாட்டில்களுக்குப் பெண் மாப்பிள்ளை பெயர் போட்டு லேபிள் ஒட்டுவது புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது. மற்ற அச்சகங்களில் வெறும் எழுத்தை அடித்துக் கொடுப்பார்கள். நான் ஓரத்துக்குப் பூ, உச்சிக்குக் கிளி என்று ஜோடித்துக் கொடுப்பேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன், என் மனைவியைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.

ஒருநாள் காலையில் எழுமலையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்திருக்கிறார், மறுநாள் மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் அடிக்கிற வழக்கமெல்லாம் அவர்கள் பக்கம் அப்போது இல்லை, வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்துவிட்டார்கள். லேபிள் மட்டும் வேண்டுமாம். மாப்பிள்ளை அவருடைய நாத்தனாரின் இளைய மகன். மூத்த மகனின் கல்யாணத்தில் பாட்டிலுக்குப் பாட்டில் லேபிள் ஒட்டியிருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லியே நாத்தனார் இவரைக் குத்திக்கொண்டிருக்கிறாராம்.

“இருநூறு பாட்டிலு தம்பி. எம்புட்டு அழகா அடிக்க முடியுமோ அம்புட்டு அழகா அடிச்சுக் குடுங்க. நாளைக்கு அந்த நாத்தனா முன்னாடி எம் மக தலை நிமிந்து நிக்கணும்” என்றார்.

பெண் பெயர் பேச்சியம்மாள் என்று தயங்காமல் சொன்னார். மாப்பிள்ளை பெயரைக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“அது எங்க மாமனாரு பேருய்யா. பேரனுக்கு வச்சிருக்காக. நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே கண்டுபிடிங்க. குதிரையில வாராருல்ல, வெள்ளக் குதிரையில...”

குதிரை என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. சித்திரை மாதம் குதிரை ஏறி வைகையில் இறங்குகிறவர் பெயரை மதுரைக்காரனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? அதிலும் அது என் பெயர். “தெரிஞ்சுபோச்சும்மா, நீங்க சங்கடப்படாதீங்க” என்று பாதியிலேயே அவரைத் தடுத்துவிட்டேன். அவருக்கும் நிம்மதி. புது மண்டபத்தில் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார். மாலை பஸ்ஸைப் பிடித்தால்தான் விடிவதற்குள் பாட்டில்களில் ஒட்ட முடியும்.

அன்று நான் வேலை செய்ததுபோல் என்றும் செய்ததில்லை. சொந்தப் பெயரைக் கோக்கும்போது கை தானாகவே நல்ல எழுத்தாகப் பொறுக்குகிறது. மத்தியானத்துக்குள் இருநூறும் அடித்து, காய்வதற்காக வரிசையாகப் பரப்பிவிட்டேன். அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு என் மனைவி வந்தாள். வாடிப்பட்டிக்காரி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் வாசல் பலகையில் தினமும் பார்க்கிற என் பெயர் அவளுக்கு மனப்பாடம். தூக்கைக் கீழே வைத்தவள் ஒரு லேபிளை எடுத்துப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றிலும் நான் மாப்பிள்ளையாக இருந்தேன்.

“யாரு இந்தப் பேச்சியம்மா?” என்றாள்.

சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். என் சாமர்த்தியத்தை மெச்சுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“குதிர என்ன நெறம்னு சொன்னாக?”

“வெள்ளைன்னாங்க. எந்த நிறமா இருந்தா என்ன?”

“ஆத்துல எறங்குறது தங்கக் குதிரைல்ல? எழுமலைக்காரக வெள்ளக் குதிரைன்னா கம்மாக்கரையில நிக்கிறவரத்தான் சொல்லுவாக. அய்யனாருங்க. அவுக மாமனாரு பேரு அய்யனாரு.”

அந்த அம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் கொடுத்ததை அப்படியே வாங்கிப்போய் ஒட்டியிருப்பார். விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் கையில் இருநூறு பாட்டில், அத்தனையிலும் மணமகளுக்குப் பக்கத்தில் வேறு எவனோ ஒருவன் பெயர். நாத்தனார் அதை ஆயுசுக்கும் விட்டிருப்பாரா? தாலி ஏறியிருக்குமா என்றே எனக்குச் சந்தேகம்தான். சோற்றைத் தொடவில்லை. என் பெயரைப் பிரித்துப் போட்டுவிட்டு அய்யனாரைக் கோத்தேன். எழுத்து குறைந்ததால் இரண்டு பக்கமும் இடம் விழுந்தது. பக்கத்துக்கு ஒரு பூவை வைத்து அடைத்தேன். ரோஸ் காகிதம் தீர்ந்துவிட்டதால் இருந்த மஞ்சள் காகிதத்தில் மிதித்தேன். நான் மிதிக்க மிதிக்க என் மனைவி கத்தரிக்கோலால் வெட்டித் தள்ளினாள். இடையில் ஒரு தடவை, “எம் பேரு இத்தன வருசத்துல ஒரு தாளுலயும் வந்ததில்ல” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். மிஷின் சத்தத்தில் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

நாலு மணிக்கு அந்த அம்மாள் வந்தார். என் மனைவி ஒரு லேபிளை அவர் கையில் கொடுத்து, பூக்களுக்கு நடுவிலிருந்த பெயரைத் தொட்டுக் காட்டி, “மாப்ள பேரு அய்யனாருதானேம்மா?” என்று கேட்டாள். அவர் சட்டென்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, பலமாகத் தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாப்ள பேருக்கு மட்டும் ரெண்டு பக்கமும் பூ வச்சிருக்கீகளே! எங்க நாத்தனாளுக்கு இது ஒண்ணு போதும் தம்பி” என்றார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். நான் சிரித்த லட்சணத்தை என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். தை மாதம் அந்த அம்மாள் ஒரு மூட்டை நிலக்கடலையோடு வந்தார். நாத்தனார் ஒரு பாட்டிலிலிருந்து லேபிளை நனைத்து உரித்துக்கொண்டு போனாராம்.

தப்பாக அடித்த இருநூறையும் நான் அடுப்புக்குக் கொடுத்துவிட்டேன். அதில் ஒன்றை மட்டும் என் மனைவி எடுத்து வைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன். மிஷின் சத்தத்தில் கேட்காததுபோல இருந்தேனே, அந்தப் பேச்சு அப்போது உறுத்தியது. மறுநாளே அவள் பெயரைக் கோத்தேன். பொன்னம்மாள். பெயரின் பின்பாதி இரண்டு பெண்களுக்கும் ஒன்றுதான், அதனால் ‘பொன்ன’ என்று ஒரு துண்டை மட்டும் அடித்துப் பேச்சியம்மாளின் முன்பாதி மேல் கஞ்சிப் பசையால் ஒட்டிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து மூடிக்குள் ஒட்டிக்கொண்டாள்.

அதிலிருந்து அது அவளுக்கு உபயோகமாகவும் ஆயிற்று. ரேஷன் கார்டுக்கோ ஓட்டுப் பட்டியலுக்கோ ஆள் வந்து, நான் வீட்டில் இல்லாத நேரத்தில் புருஷன் பெயரைக் கேட்டால், அவர்களை உள்ளே கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டிவிடுவாள். என் பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. இப்போது விளாங்குடியில் மகன் வீட்டில் இருக்கிறோம். மருமகள் மகனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். என்னைக் கூப்பிட்டதுபோல் இருக்கும்.

போன மாதம் கணக்கெடுக்க ஒரு இளம்பெண் வந்தாள். கடையிலிருந்து நான் திரும்பும்போது அவள் பெட்டி முன்னால் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். “புருஷன் பேரு அழகர்சாமி. உங்க பேரு பேச்சியம்மாளா பாட்டி?” என்று கேட்டாள்.

நான் அருகில் போய்ப் பார்த்தேன். பழைய பசை காய்ந்து, ஒட்டுத் துண்டு உதிர்ந்து பெட்டிக்குள் புடவை மேல் கிடந்தது. என் மனைவி அதை இரண்டு விரலால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“இந்த வாட்டியாச்சும் கெட்டியா ஒட்டுங்க” என்றாள்.