தோட்டத்து ஆபீஸ் வாசலில் அண்ணன் அடித்த மேளம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலருக்கு அவர் நினைவாக எழுத உட்கார்ந்தபோது சித்தப்பா, "நல்லத மட்டும் எழுதும்மா, ஜெயில் கதையெல்லாம் எதுக்கு?" என்றார். பெரியவர்கள் சொல்லைத் தட்டுவது என் வழக்கமில்லை. ஆனால் ஜெயிலை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாருடைய அண்ணனோ ஆகிவிடுகிறது. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் தொடங்கினேன்.

சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அண்ணன் பிறந்தார். அப்பா பாம்பு கடித்து இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போனார். அம்மாவுக்கும் எனக்கும் அவர் உழைப்பில்தான் சோறு. கோழி அறுக்கக்கூட அடுத்த வீட்டாரைக் கூப்பிடுகிற மனிதர். அவருக்கு இருந்த ஒரே ஆசை உறுமி மேளம். முனியாண்டி கோயில் திருவிழாவில் அவர் சாமி இறக்கும் அடியைத் தொடங்கினால் சும்மா நிற்பவர்களுக்கும் கால் தரையில் நிற்காது. மறுநாள் காலை அதே மனிதரை வேலை வாங்கும் மண்டோர் "டேய்" என்றுதான் கூப்பிடுவார்.

ஜுருவில் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் எங்கள் தோட்டமும் விலை போயிற்று. வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். போவதற்கு இடம் கேட்டு மனுமேல் மனு போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. நோட்டீசை எங்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னவர் ஆபீசில் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணியார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கள் எல்லாருடைய விண்ணப்பப் பாரங்களையும் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவர். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் சனங்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள். எய்தவர் கோலாலம்பூரில் ஏர்கான் அறையில் இருந்தார். அம்புதான் வெள்ளைச் சட்டையோடு எங்கள் எதிரில் நின்றது.

அந்த நேரத்தில் நகரத்திலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். கெட்டிக்காரர். முதல் கூட்டத்திலேயே அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நெனைக்கிறீங்க அண்ணே?" என்று கேட்டார். அண்ணனை அதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. முகம் மட்டும் பளபளவென்றிருந்தது. பிறகு ஒரு கூட்டமும் தவறவில்லை. கூடாத கூட்டு, தண்ணி, வேலைவெட்டி இல்லாமை என்று இன்றைக்கும் சிலர் காரணம் சொல்கிறார்கள். அண்ணன் குடிக்காதவர், ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போடாதவர். மதித்து ஒரு வார்த்தை கேட்டார்கள், போனார். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

சம்பள நாள் காலையில் எல்லாரும் ஆபீஸ் வாசலில் கூடினோம். அண்ணன் முன்னால் நின்று உறுமி அடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் இல்லை என்று சொல்லக் கிராணியார் வெளியே வந்தார். பேச்சாளர் அண்ணன் காதில் ஏதோ சொன்னார். அண்ணன் அடியை மாற்றினார். அது சாமி இறக்கும் அடி. கூட்டம் ஆடத் தொடங்கியது. நானும் அங்கேதான் நின்றேன். பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. அந்த நேரம் இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் என்றால் திருநீறு பூசிச் சாமியை மலையேற்றப் பூசாரி இருப்பார். ஆபீஸ் வாசலில் யார் இருந்தார்? கண்ணாடிகள் உடைந்தன. ஒரு கல் கிராணியாரின் வலது கண்ணில் பட்டது. அந்தப் பார்வை திரும்பவே இல்லை.

பேச்சாளரைப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தூண்டியதாக அண்ணன் சிறைக்குப் போனார். கல் எறிந்தது யார் என்று போலீஸ் கேட்டபோது தெரியாது என்றார். கிராணியாரும் அதையே சொன்னார். வெளியாட்கள் எறிந்திருப்பார்கள் என்று ஊர் தன்னைத் தேற்றிக்கொண்டது. நமக்கு எப்போதும் ஒரு வெளியாள் தேவைப்படுகிறார்.

விடுதலையானதும் அண்ணன் ஜார்ஜ்டவுனில் ஒரு மசாலா மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். கிராணியாரும் மகன் வீட்டோடு அங்கே வந்திருந்தார். ஞாயிறுதோறும் அண்ணன் அந்த வீட்டின் முன் போய் நிற்பார். கிராணியாரின் மனைவி உள்ளே விடமாட்டார். கடைசியில் கிராணியாரே ஒருநாள் வெளியே வந்து கேட்டாராம்:

"என்னில உனக்கு என்ன கோபம் தம்பி?"

"உங்க மேல ஒன்னும் இல்லீங்கய்யா. அன்னிக்கு என் கை சொன்னத எல்லாரும் கேட்டாங்க. நிறுத்த மனசு வரல."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அண்ணனுக்கு நாற்காலி போட்டார்கள்.

போன ஆண்டு அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது கிராணியார் பார்க்க வந்தார். அண்ணன் அவரிடம், "அவன் உங்களப் பாக்க வந்தானா?" என்றார். "வரேல்லை" என்றார் அவர். வராந்தாவுக்கு அவர் பின்னாலேயே ஓடி, யார் என்று கேட்டேன்.

"கல்லெறிஞ்சவனை நாங்கள் ரெண்டு பேரும் கண்டனாங்கள். அவன்ர பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரத்துக்கு நான்தான் பாரம் எழுதினன். அதுகள் நல்லா இருக்கட்டும் எண்டுதான் சொல்லேல்லை. பேர் உனக்கு வேண்டாம் பிள்ளை."

அண்ணனும் பெயரைச் சொல்லாமலே போய்விட்டார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ் மிஸ்ஸிமாருக்கும், ஜெயிலுக்குப் போனவர் என்று பாராமல் வேலை கொடுத்த மில் முதலாளிக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிராணியாருக்கு நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. கும்பிட மட்டும் செய்கிறேன்.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. தோட்டத்தார் எல்லாருக்கும் இந்த மலர் போகிறது. உங்கள் கைக்கும் வரும். நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அன்று அங்கே நின்ற நாங்களும் உங்களைப் போன்றவர்கள்தான். அண்ணன் கடைசிவரை உங்களை எதிர்பார்த்தார். கிராணியாருக்கு வயது எண்பதாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பார். போய்ப் பாருங்கள். தாமதித்தால் அந்த வீட்டிலும் உங்கள் கையில் ஒரு மலரைத்தான் கொடுப்பார்கள்.