வெள்ளிக்கிழமைக் குளிசை

எங்கள் நாட்டு வைத்தியர் பரிசாரியார் தங்கராசா காலமான செய்தி காலை எட்டு மணிக்கு வந்தது. முற்றத்தில் உட்கார்ந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மகன் குமார். "டீச்சர், அப்பா விடியப்புறம் போய்ட்டார்" என்றான். "ஐயோ மனே" என்று வாய் சொன்னது. மனம் சொன்னது வேறு. 'போய்விட்டீரா மனிசா, என்னோடு பேசி முடிக்காமலே?' என்றுதான் அது கேட்டது. செத்தவரைப் பற்றி நல்லது மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது, தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த கையோடு குமார் மறுபடியும் எடுத்தான். "அப்பாட முப்பத்தொராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடிக்கிறம் டீச்சர். நீங்க ஒண்டு எழுதித் தரணும். அப்பாட காய்ச்சல் குளிசை செய்யிற முறையையும் கடைசிப் பக்கத்தில போடப்போறம். இப்ப டெங்கு, அது இது எண்டு சனம் கஷ்டப்படுது தானே, உதவும்."

"எழுதித் தாறன். ஆனா நான் எழுதிறதில ஒரு எழுத்தும் வெட்டப்படாது" என்றேன்.

ஓம் என்றான், பாவம். அந்த நாட்களில் அவன் கைக்குழந்தை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்த அவனுடைய தாயும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்தி. அந்தச் செய்முறையை அப்படியே அச்சடித்தால், அதை நம்பி எங்கோ ஒரு வீட்டில் ஒரு நோயாளியைப் படுக்க வைத்துக்கொண்டு இருப்பார்கள். உண்மையை எழுதினால் பரிசாரியாரின் பெயரோடு என் பெயரும் கெடும். ஒரு கிழமை யோசித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நான் மண்டூர்க்காரி. படிப்பித்தது களுதாவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரை, அந்தப் பக்கம் எழுவான்கரை. யுத்த காலத்தில் இரண்டும் இரண்டு நாடு போல. அங்கே ஆமி, இங்கே இயக்கம். நானும் என் மகளும் ஒவ்வொரு நாளும் தோணி ஏறி, அக்கரையில் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்தோம். படுவான்கரைக்கு உரம் கொண்டு போகக்கூடாது, பற்றரி கொண்டு போகக்கூடாது, மாத்திரை கொண்டு போகக்கூடாது. மலேரியா மட்டும் யாரிடமும் பாஸ் கேட்காமல் போய் வந்தது.

பரிசாரியாரை நான் முதலில் கண்டது பள்ளிக்கூடத்தில்தான். பிள்ளைகளுக்குச் சுகாதாரம் பற்றிப் பேச வாருங்கள் என்று அதிபர் கூப்பிட்டிருந்தார். மனிதர் ஒரு கட்டு முருங்கைக் கொப்போடு வந்தார். "இதுக்கு மேல ஒரு சத்து மருந்து உலகத்தில இல்ல. கடைப் போத்தல்ல இருக்கிறது சீனித் தண்ணி, உங்கட வேலியில நிக்கிறதுதான் மருந்து" என்றார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும், கிணற்றடியில் தண்ணீர் தேங்க விடாமல் இருக்கவும், மழை நாளில் கொத்தமல்லி அவித்துக் குடிக்கவும் சொன்னார். ஒரு பொடியன் எழும்பி, "கசக்கிற மருந்து ஏன் கசக்குது?" என்று கேட்டான். "கசப்பு உள்ளுக்குப் போனாத்தான்டா காய்ச்சல் வெளிய போகும்" என்றார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூரை கிளம்பியது.

அப்போது என் மகளுக்கு மாதம் தவறாமல் காய்ச்சல். வரும், நடுக்கும், விடும், மறுபடி வரும். பிள்ளை ஈர்க்காகிப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய வீட்டுக்குக் கூட்டிப் போனேன். நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், கரும்பச்சை நிறத்தில் குளிசை உருட்டிக் கொடுத்தார். முதலில் மூன்று நாள். "மறுகா கிழமைக்கு ஒண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம், சோறு திண்ட பிறகு. வெறு வயித்தில வேணாம். ஒரு கிழமையும் தவறப்படாது."

"அதென்ன வெள்ளிக்கிழமை?" என்று கேட்டேன்.

"டீச்சர்மாரே இப்பிடித்தான். மருந்துக்குக் கேள்வி பிடிக்காது, விழுங்குங்க."

விழுங்கினோம். காய்ச்சல் நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றது. அடுத்த மாரியில் மண்டூரில் வீட்டுக்கு வீடு நடுங்கிக்கொண்டு கிடந்தபோது என் வீட்டில் ஒருவருக்கும் தலையிடி கூட இல்லை.

அதற்குப் பிறகு என் வாய் சும்மா இருக்குமா? கோயில் வீதியிலும் வயல் வட்டை வரம்பிலும் தோணியிலும் அவருடைய புகழைப் பாடினேன். ஊரில் ஆளுக்கு ஆள் குளிசை கேட்டார்கள். கொண்டு வரத் தொடங்கினேன். கிழமைக்கு ஒரு ஜாம் போத்தல், பிறகு இரண்டு. சாவடியில் முதல் நாள் ஒரு இளம் சிப்பாய் போத்தலைத் திறந்து மணந்தான். "ஆ, பிங்கொஹொம்ப!" என்றான். நிலவேம்புக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. தன் தாயும் காய்ச்சலுக்கு இதைத்தான் கொடுப்பாள் என்று அரைத் தமிழில் சொல்லிவிட்டு, தனக்கும் நாலு குளிசை வாங்கி வைத்துக்கொண்டான். அவனுக்கும் "வெள்ளிக்கிழமை, சோறு தின்ற பிறகு" என்று பாடம் எடுத்தேன். நான் களைத்துப் போன நாட்களில் போத்தல் என் மகளின் புத்தகப் பையில் வந்தது. பச்சை மூலிகைதானே, யாருக்குப் பயம்?

காத்தான்குடியில் இருந்து புடைவை கொண்டு வரும் உதுமான் நானா கூட அவரைத் தேடி வரத் தொடங்கினார். "அல்லாஹ் இவர்ர கையில ஷிபாவ வெச்சிருக்கான் டீச்சர்" என்பார். குணமாக்கும் வரம் என்று அர்த்தம். பரிசாரியார் தலையைக் குனிந்து சிரிப்பார். அடக்கமான மனிதர் என்று நான் நினைத்தேன்.

சண்டை மறுபடி மூளப் போகிறது, தோணித் துறையை மூடப் போகிறார்கள் என்று கதை வந்தது. ஓடிப்போய் அவரிடம் கேட்டேன். விறாந்தையில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். "துறை மூடினா எங்கட சனம் என்ன செய்யும்? செய்யிற முறையச் சொல்லுங்க, நானே உருட்டுறன்" என்றேன். சொன்னார். நிலவேம்பு, வேப்பம்பட்டை, சீந்தில் கொடி, சுக்கு, மிளகு. நிழலில் உலர்த்தி, இடித்து, துணியில் சலித்து, தேன் விட்டு உருட்ட வேண்டும். கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுதியதை வாசித்துக் காட்டி, "வேற ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். "இவ்வளவுதான்" என்றார்.

இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப நினைத்து எனக்குப் பல வருடங்கள் போயிருக்கின்றன.

துறை மூடியது. நான் இடித்தேன், சலித்தேன், உருட்டினேன். என் தங்கச்சி பூமணிக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே வளவில் அவளுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு. அவளுடைய மகள் வதனிக்கு அப்போது பத்து மாதம். முதல் நாளே என் குளிசையைக் கொடுத்தேன். மூன்றாம் நாளும் நடுக்கம் குறையவில்லை. அவளுடைய புருசன் மகேந்திரன் தோணி ஒன்று பிடித்துக்கொண்டு வந்தார். நோயாளி என்றால் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனவர்கள் சிலர் இருந்தார்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் மச்சாள்" என்றார்.

நான்தான் மறித்தேன். "பைத்தியமா உங்களுக்கு? நடு ஆத்தில ஆமி வெடி வச்சா என்ன செய்யிற? பரிசாரியாரிட குளிசை இருக்கு. இன்னும் ரெண்டு நாள் பாப்பம்."

மகேந்திரன் பூமணியைப் பார்த்தார். "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

தோணி திரும்பிப் போய்விட்டது. ஐந்தாம் நாள் அவளுக்கு நினைவு தப்பியது. மறுபடி தோணி பிடித்து ஏற்றினோம். அக்கரை காணு முன்னமே என் மடியில் உயிர் போனது.

இவ்வளவு நடந்தும் நான் பரிசாரியாரைக் குறை நினைக்கவில்லை. என் கையில்தான் பிழை என்று நினைத்தேன். வெயில் பட்டுவிட்டதோ, சீந்தில் முற்றவில்லையோ, தேன் கலப்படமோ என்று மாதக் கணக்கில் தலையை உடைத்தேன். துறை திறந்ததும் முதல் வேலையாக அவரிடம் போனேன், எங்கே பிழை விட்டேன் என்று கேட்க. வீட்டு மனுசி போலப் பழகியவள், பின் வாசலால் போனேன். குசினியில் அவருடைய மனைவி அம்மியடியில் இருந்தார். அம்மியில் வெள்ளை மாத்திரைகள், பாதி பொடியாக. பக்கத்தில் மலேரியா மாத்திரைத் தகரம்.

"இது என்னகா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார். "குளிசைக்குத்தான் டீச்சர். இது இல்லாம காய்ச்சல் எப்பிடி நிக்கும்? உங்களுக்குத் தெரியும் தானே?"

எனக்கும் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்!

பரிசாரியார் வந்தார். என் முகத்தைக் கண்டதும் விளங்கிவிட்டது. கதிரையில் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். மலேரியா மாத்திரையைக் கிழமைக்கு ஒன்று எடுத்தால் நோய் வராமல் காக்கும், வந்தவருக்கு மூன்று நாள் கொடுக்க வேண்டும், படுவான்கரைக்கு அதைக் கொண்டு போக விடமாட்டார்கள், நிலவேம்பின் கசப்புக்குள் மாத்திரையின் கசப்பு தெரியாது. "முதல்லயே சொல்லியிருந்தா சென்றிச் சாவடியில உங்கட கை நடுங்கியிருக்கும் டீச்சர். பிடிபட்டா உங்களையும் கொண்டு போவாங்க, சனத்துக்கும் மருந்து இல்லாமப் போகும்."

"என்ட பிள்ளையிட பையிலயும் கொண்டு வந்தனே!" என்று கத்தினேன். அவர் மாத்திரைத் தகரத்தை மூடினார்.

"சரி, அது போகட்டும். செய்யிற முறை கேட்ட அண்டு ஏன் சொல்லல்ல?"

"முன்னுக்கு ஆக்கள் இருந்தாங்க."

"என்னைப் பின்னுக்குக் கூப்பிட்டுச் சொல்ல ஏலாதா? துறை மூட இன்னும் நாலு நாள் கிடந்ததே? நாலு நாளும் உங்கட வாசலால தானே போனன்?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஊரெல்லாம் என்ட மூலிகையெண்டு சொல்லித் திரிஞ்சீங்க. உதுமான் நானா ஒரு பக்கம் ஷிபா எண்டார். எனக்கு வெக்கமாப் போச்சு, டீச்சர்."

வெட்கம்! ஒரு மனிதரின் வெட்கத்துக்கு என் தங்கச்சி விலை. ஆமிக்குப் பயந்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். எல்லோருக்கும் பயம் இருந்தது. மன்னிக்க முடியாத காரணத்தை அவரே எடுத்து என் கையில் தந்தார். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் ஒரு முறை தேர் நாளில் எதிரே வந்தார். "டீச்சர்" என்று வாய் திறந்தார். முகத்தைத் திருப்பிக் கிறுகி நடந்துவிட்டேன்.

ஆனால் குளிசையை நிறுத்தவில்லை. இதையும் எழுத வேண்டும். அடுத்த கிழமையே போய் அவருடைய மனைவியிடம் போத்தலை வாங்கிக்கொண்டு வந்தேன். ஊரில் வேறு பிள்ளைகள் இருந்தார்களே, என்ன செய்வது? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, மகளின் பையில் வைக்காமல் என் மடியிலேயே வைத்துக்கொண்டு, நிலைமை மாறி மாத்திரைகள் தாராளமாக வரும்வரைக்கும் கொண்டு வந்தேன். ஒரு நாளும் என் கை நடுங்கவில்லை. அவர் என்னை அளந்த அளவும் பிழை.

குமார், செய்முறையைப் போடு மனே. ஐந்து சரக்குக்கும் கீழே, இதில் மலேரியா மாத்திரை இடித்துச் சேர்த்திருந்தது, காய்ச்சலை நிறுத்தியது அதுதான் என்றும் போடு. டெங்குக்கு இது ஒன்றும் செய்யாது, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் போடு. உன் அப்பாவுக்கு இதனால் மதிப்புக் குறையாது. உயிரைப் பணயம் வைத்து மாத்திரை தேடி, இரண்டு மாரி முழுக்க ஒரு கரைச் சனத்தைக் காப்பாற்றியவர் அவர். அந்தப் பெருமையே அவருக்குப் போதும், செய்யாத வித்தைக்கும் பெருமை வாங்கிக்கொண்டார்.

இப்படியான கட்டுரையின் முடிவில், போனவரிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சியது என்று எழுத வேண்டுமாம். முருங்கைக் கீரை மிஞ்சியது, கொதித்தாறிய தண்ணீர் மிஞ்சியது. இன்னொன்றும் மிஞ்சியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்கு ஒரு கிழமை எடுத்தது. பூமணியின் மகள் வதனியை நான்தான் வளர்த்தேன். மகேந்திரன் குவைத்துக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார், என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. "அம்மா எப்பிடிச் செத்தவ பெரியம்மா?" என்று வதனி பத்து வயதில் கேட்டாள், கலியாணத்துக்கு முதல் நாளும் கேட்டாள். "காய்ச்சல், மனே" என்றேன் இரண்டு முறையும். அதற்கு மேல் ஏதும் இருக்கா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதான் என்றேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. வாசல் வரை வந்த தோணியைத் திருப்பி அனுப்பியது நான் என்று இந்தப் புத்தகத்தில்தான் அவள் முதன்முதலாக வாசிக்கப் போகிறாள்.