நாற்பது வரைக்கும் எண்ணியது

என் அண்ணனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடவுள் கொடுத்த மூச்சை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊதித் தீர்த்தவனை வேறு எப்படி நினைப்பது?

அப்போது நாங்கள் நூம்பலில் இருந்தோம். அண்ணன் பன்னிரண்டாவது, நான் ஐந்தாவது. ஊர்க் கபடி டீமில் அவன்தான் பாடிப் போகிறவன். ‘கபடி கபடி’ என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய், மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் அவன் பாட, நான் எண்ணுவேன். நாற்பது வரைக்கும் அசராமல் போவான். ஆவடியில் நடக்கும் போட்டிக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வருகிறார், ஆட்டம் பிடித்துவிட்டால் ஃபீஸ் இல்லாமல் சீட் என்று பேச்சு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அந்த சீட்டை விட்டால் அண்ணன் கல்லூரி வாசலை மிதிக்க வேறு வழி கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டுத் துரை சிகரெட் பழகினார். ஒரு மேட்ச் ஜெயித்த அன்று குமணன்சாவடி டீக்கடையில் டீமின் பெரிய பையன்கள் நீட்டினார்களாம். இவன் தயங்கியதும், “இன்னா மாமே, ஊட்ல கேட்டுகினு வர்றியா?” என்று ஒருத்தன் சிரித்தானாம். களத்தில் ஏழு பேரை ஒண்டியாகச் சமாளிக்கிறவனுக்கு அந்த ஒரு சிரிப்பைச் சமாளிக்க முடியவில்லை. பல வருஷம் கழித்து அவனே சொன்னது இது. காரணத்தைப் பாருங்கள்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்குள் நுழையுமுன் அவன் கொய்யா இலை கேட்பான் என்பதுதான். பின்பக்க மரத்திலிருந்து பறித்துக் கொடுப்பேன். கேட்டருகே நின்று மென்று துப்புவான். மூச்சுக்கு நல்லது என்றான். அம்மா அதையும் நம்பி, பக்கத்து வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

மாடியில் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. முப்பத்தைந்து, முப்பத்திரண்டு. ஒருநாள் இருபத்தெட்டிலேயே இருமல் வந்து உட்கார்ந்துவிட்டான். உடனே என் மேல் பாய்ந்தான்.

“இன்னாடி, தூங்கிகினே எண்றியா? வேகமா எண்ணு!”

எண்ணினேன். வாய் குழறக் குழற எண்ணினேன். நாற்பது வந்துவிட்டது. அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். என்ன அழகான ஏற்பாடு!

ஆவடியில் கடைசி ரைடு. ஒரு பாயிண்ட் வந்தால் ஜெயித்துவிடலாம். அண்ணன் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நான் வெளியிலிருந்து விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு ஓர் அடி இருக்கும்போது பாட்டு அறுந்தது. இருமினான். நடுவர் அவுட் கொடுத்தார். கல்லூரிக்காரர் நோட்டை மூடிக்கொண்டு எதிர் டீம் பையன் ஒருவனிடம் பேசப் போனார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அழுகை அடங்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது என்று நம்பினேன்.

“அண்ணா, அட்த்த தபா இன்னும் வேகமா எண்றேண்ணா” என்றேன். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

இறங்கியதும் என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டுப் பெட்டிக்கடைக்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரம் கழித்து கேட்டருகே வந்து நின்று கொய்யா இலை கேட்டான். பாவம், தோற்றுவிட்டு வந்திருக்கிறான், மூச்சுக்கு நல்லதாயிற்றே என்று, பெரிய இலையாகப் பார்த்து நாலு பறித்துக்கொண்டு ஓடினேன்.