குழாய்க்குப் போர்த்திய கம்பளி

வெளிநாட்டில் மகன் இருக்கும் கிரெய்கிபர்னில் எனக்கு அது முதல் குளிர்காலம். மகன் கார் விடும் கராஜைத்தான் எனக்கு அறையாக்கித் தந்திருந்தான். பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேனே என்று அதிலும் எனக்குப் புளுகம், பெரிய சந்தோசம்தான். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒரு கம்பளி தந்திருந்தா, ரோசாப்பூப் போட்டது, என்ன வடிவு!

உறைபனி விழும் என்று டிவியில் சொன்ன அன்று, வெளிச்சுவரில் போகும் சுடுதண்ணிக் குழாயில் சுற்ற மகன் அந்தக் கம்பளியைக் கேட்டான்.

"எனக்குக் குளிருமடா தம்பி."

"குழாய் வெடிச்சா வீடெல்லாம் வெள்ளமம்மா. நீங்கள் ரெண்டு சீலையைச் சுத்திக்கொண்டு படுங்கோ."

கொடுத்துவிட்டேன்.

விடிந்ததும் ஓடிவந்து குழாயைத் தடவிப் பார்த்தான். "ஒண்டும் ஆகேல்ல!" என்று சிரித்தான். பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் போனபிறகு நானும் தொட்டுப் பார்த்தேன். கம்பளிக்குள் குழாய் இளஞ்சூடாக இருந்தது. என் மகனுக்கு இவ்வளவு அக்கறையாகப் போர்த்திவிடத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.