தடாவுக்குப் போன தலைவர்

காலடிப்பேட்டையில் குணசேகரனைத் தெரியாத ஆள் இருந்தால், அவர் நேற்றுத்தான் அங்கே குடிவந்திருக்க வேண்டும். மணலியில் ஓர் உரத் தொழிற்சாலையில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எந்த டேங்கர் லாரி எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று இருபத்திரண்டு வருடம் எழுதி எழுதி, ஊரைக் கண்காணிக்கும் வேலையும் தனக்குத்தான் தரப்பட்டிருக்கிறது என்று நம்பிவிட்ட மனிதர். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, டீயில் கூட சர்க்கரை அரைதான். இப்படிப்பட்டவர் ஒரு சங்கம் ஆரம்பிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆரம்பித்தார், மதுவிலக்குச் சங்கம். அவரே தலைவர்.

தெருமுனை ஒயின்ஷாப்பை மூடவைக்காமல் ஓயமாட்டேன் என்று கிளம்பினார். மனு, மறியல், உண்ணாவிரதம் என்று ஒன்றரை வருடம் உயிரை எடுத்தார். 2006 பொங்கல் கழிந்ததும் கடையைக் காலி செய்துகொண்டு போனார்கள். வாசலில் மீன் வறுத்துக்கொண்டிருந்த பூவம்மாவும் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு அந்த மூலையை விட்டுப் போய்விட்டாள். மூலை சுத்தமாகிவிட்டது என்று அதையும் வெற்றியில் சேர்த்துக்கொண்டார் குணசேகரன்.

அத்தோடு விட்டாரா? வீடு வீடாகப் போய் 'இனி குடிக்கமாட்டேன்' என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார். நாற்பத்திரண்டு பேர். முதல் கையெழுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சின்னப்பையனுடையது. பெயர்தான் சின்னப்பையன், வயது நாற்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமையானால் தெருவை அளந்துகொண்டிருந்த மனிதன், கடை மூடியபின் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணிலேயே படவில்லை.

"பாத்தியா சொக்கம்மா, ஞாயித்துக்கெழம தெரு இன்னா அமைதியா கீது!" என்று மனைவியிடம் பூரித்துப்போவார்.

அவருக்குப் பாராட்டு விழா எடுக்க முடிவானது. ஞாயிறு வைக்கலாம் என்றார். சின்னப்பையன் கூட்டம் பதறிவிட்டது. "ஞாயித்துக்கெழம வாணாம் தலீவரே, வெள்ளிக்கெழம வெச்சிக்கலாம்." நிமிடம் பிசகாமல் நேரம் எழுதுகிற மனிதருக்கு அது உறைக்கவே இல்லை, பாருங்கள். 'மதுவை விரட்டிய மாவீரர்' என்று போட்டோவோடு பேனர் அடிக்கக் கொடுத்தாயிற்று.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் இடுப்பில் ஏதோ சுருக்கென்றது. அப்புறம் சுருக்கெல்லாம் இல்லை, ஐயோ அம்மா என்று சுவரைப் பிராண்டுகிற வலி. ஸ்கேன் எடுத்ததில் இடது சிறுநீரகத்தில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு கல். நிறைய தண்ணீர் குடியுங்கள், இரண்டு வாரம் பார்ப்போம், இறங்காவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். தண்ணீர் குடி என்றால் நம் ஆட்கள் அதை வைத்தியம் என்று ஒத்துக்கொள்வார்களா? முடிவெட்டுகிறவர், பால் பூத் அம்மா, தொழிற்சாலை வாட்ச்மேன், எல்லாரும் அவர் காதோடு சொன்னது ஒரே மருந்தைத்தான். பீர் குடித்தால் கல் கரையும். அதுவும் ஜில்லென்று குடித்தால் சீக்கிரம் கரையும்.

குணசேகரன் எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் வலி வந்தபோது சொக்கம்மாளே சொல்லிவிட்டாள்.

"இந்தாய்யா, மருந்துன்னு நெனச்சி ஒரு பாட்டில் குடிச்சித் தொலையேன். நீ கத்துற கத்துல பக்கத்து வூட்டு கொழந்த தூங்கமாட்டேங்குது."

"யாராச்சும் பாத்தா இன்னா ஆவறது? பேனர்ல என் மூஞ்சி கீதுடீ!"

"அப்ப மூஞ்சி தெரியாத ஊருக்குப் போ."

ராயபுரம் போனார். கைக்குட்டையால் முகத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாருக்குள் நுழைந்ததும், கல்லாவில் இருந்தவன் எழுந்து நின்று "டைம் சார்!" என்றான். தொழிற்சாலையில் முன்பு வேலைபார்த்தவன். வேறு வழியில்லாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டே வாசலில் நின்று மதுவின் தீமை பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அடுத்து மீஞ்சூர். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர், ஆறு பேரும் மணலி டேங்கர் டிரைவர்கள். தினமும் அவர் கையால் நோட்டில் ஏறுகிறவர்கள். "கோயிலுக்கு எப்டிப் போறது?" என்று வழி கேட்டுவிட்டு, அவர்கள் காட்டிய கோயிலுக்கே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். இருபத்திரண்டு வருடமாக எல்லார் முகத்தையும் பார்த்தோமே, எல்லாரும் நம் முகத்தையும் பார்த்திருப்பார்களே என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

மிச்சமிருந்தது ஆந்திரா. ஞாயிறு காலை திருவொற்றியூரில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, பஸ் பிடித்து, எல்லை தாண்டித் தடாவில் இறங்கினார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கடைப்பலகையில் தெலுங்கு எழுத்தைப் பார்த்ததும் மனிதருக்குப் போன உயிர் வந்தது. ஒரு பாட்டில் கேட்டார். கடைக்காரன் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். பாட்டில் மேல் வேர்த்துக் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு, மருந்து, மருந்து என்று சொல்லிக்கொண்டே ஒரு வாய் குடித்தார்.

அட பாவி! இது இவ்வளவு நன்றாகவா இருக்கும்? உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சில்லென்று இறங்கியது. ஐம்பது வருடம் இது தெரியாமலே போயிற்றே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது வாய்க்குப் பாட்டிலைத் தூக்கினார்.

"தலீவரே!"

கண்ணைத் திறந்தால் எதிரே சின்னப்பையன். அவனுக்குப் பின்னால் தெருவே நின்றது. நோட்டில் இருந்த நாற்பத்திரண்டில் முப்பது பேராவது இருக்கும். போச்சு, பேனர் போச்சு, மானம் போச்சு என்று குணசேகரன் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சின்னப்பையன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இன்னா தலீவரே மறைக்கிற? சொம்மா குடி. நம்ம தெரு கடைல இன்னா பீரு குட்த்தான்? கஞ்சி மாரி சுட்டுகினு கெடக்கும். நீ மட்டும் அத்த மூடலன்னா இந்த கூலிங்கு எங்க ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது. அத்தொட்டுதான உனுக்கு விழாவே எடுக்கறோம்! வாரம் பூரா குடிக்கிறதில்ல, ஞாயித்துக்கெழம இங்க வந்தாத்தான்."

"நோட்ல கையெழுத்து போட்டியேடா?"

"போட்டேன். இனிமே நம்ம தெருவுல குடிப்பனா?"

யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று கூட்டமே சத்தியம் செய்தது. குணசேகரனுக்கு மூச்சு திரும்பியது. தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று கடை ஓரத்தில் மீன் வறுபடுகிற பக்கம் நடந்தார். ஸ்டவ் முன்னால் குந்தியிருந்தவள் நிமிர்ந்தாள். பூவம்மா.

"வா தலீவரே. நெத்திலி போடவா, சங்கரா போடவா?"

"நீ... இங்கயாம்மா கட போட்ருக்க?"

"பின்ன எங்க போறது? குடிக்கறவன் எங்க போறானோ அங்கதான என் பொழப்பு? முன்னெல்லாம் வூட்டாண்டயிருந்து பத்து அடி. இப்போ விடிகாலைல காசிமேட்ல மீன் வாங்கி, ஸ்டவ்வு, சட்டி, கூடை எல்லாத்தையும் ஒண்டியா தூக்கிகினு ரெண்டு வண்டி மாறி வரேன். ஸ்டேஷன் படி ஏறச்சொல்லோ முட்டி கழண்டுடுது. நீ கடைய மூடன அன்னிக்கி பட்டாசு வெடிச்ச பாரு, அன்னிக்கி எங்க வூட்ல அடுப்பு எரியல."

அவள் கோபமாகக் கூடச் சொல்லவில்லை, மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். குணசேகரனுக்குக் கூசிப்போயிற்று. மனுவில் அத்தனை பக்கம் எழுதினோமே, இந்த ஒருத்தி பெயர் ஒரு வரியில் வரவில்லையே என்று தோன்றியது. ரூபாய் நோட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"துட்டு வாணாம். நான் யாராண்டயும் சொல்லமாட்டேன், பயப்படாத. உனுக்கு கல்லுன்னு தெருவுக்கே தெரியும், அது கரையற வரிக்கும் எப்டியும் நீ வருவே. வரச்சொல்லோ ஸ்டவ்வ மட்டும் தூக்கிகினு வந்துடு, போதும்."

வெள்ளிக்கிழமை விழா ஜாம் ஜாமென்று நடந்தது. மாலை போட்டது சின்னப்பையன். கூட்டத்தின் ஓரத்தில் பூவம்மா நின்றிருந்தாள். அவளைப் பற்றி மேடையில் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்தார் மனிதர். மைக்கைப் பிடித்ததும் வந்தது என்னவோ, "என் தெரு தாய்மார்களின் கண்ணீரைத் துடைத்துவிட்டேன்" என்ற பழைய வசனம்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பூவம்மாவும் தட்டினாள். அந்த ஒரு கைதட்டல்தான் அவரைக் குத்தியது.

ஞாயிறு விடியலில் பம்பு ஸ்டவ்வைத் தோளில் வைத்துக்கொண்டு, பூவம்மாவுக்கு முன்னால் குணசேகரன் தெருவில் நடந்தார். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். ஏழைப் பெண்ணின் சுமையைத் தூக்குகிறாரே, இவரல்லவா தலைவர் என்றார்கள். போய்விடுமோ என்று பயந்த பெயர் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அந்த வாரமே இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. எப்போது இறங்கியதோ, ரயில் குலுக்கலில் இறங்கியதோ, யாருக்குத் தெரியும்? பீரெல்லாம் கல்லைக் கரைக்காது, குடித்த தண்ணீர்தான் தள்ளியிருக்கும், இனி ஒன்றும் பயமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். குணசேகரன் ஸ்கேன் படத்தை மடித்து பீரோவுக்கு மேலே பழைய காலண்டருக்கு அடியில் செருகினார்.

"இன்னாய்யா, கல்லு கரஞ்சிச்சா?" என்றாள் சொக்கம்மாள்.

"பாதிதான் கரஞ்சிருக்காம்."

ஞாயிறு காலை திருவொற்றியூர் பிளாட்பாரத்தில் பூவம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டைம்கீப்பருக்குப் பொய் சொல்லி எங்கே பழக்கம்?

"கல்லு போயிடுச்சி, இல்ல தலீவரே?"

அவர் ஸ்டவ்வைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இல்லம்மா, இன்னும் கொஞ்சம் கீது."

பூவம்மா சிரித்தாள். "எனுக்காவ சொல்றியா, பீருக்காவ சொல்றியா?"

குணசேகரன் நேர்மையாகத்தான் யோசித்தார். பதில் வருவதற்குள் கும்மிடிப்பூண்டி வண்டி வந்துவிட்டது. ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு அவர்தான் முதலில் ஏறினார்.